பழைய ஃபோக்ஸ்வேகன் வேனுக்குப் பெரிய எஞ்சின் போடலாமா? முதலில் சூட்டுக்கு வழி சொல்லுங்கள்

1971 வெஸ்ட்ஃபாலியா கேம்பர், அதாவது உள்ளே தங்கிக்கொள்ள வசதி செய்த ஃபோக்ஸ்வேகன் வேன். பின்னால் காற்றில் குளிரும் அசல் 1600 சிசி டூயல் போர்ட் எஞ்சின் (ஒவ்வொரு ஹெட்டிலும் கலவை நுழைய இரண்டு வாய்). லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகாஸ் போகிற வழியில், பேக்கர் ஊர் தாண்டி வரும் நீண்ட ஏற்றத்தில், ஜூலை வெயிலில் வண்டி 55 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட்டது. மேலே ஓரங்கட்டி நிறுத்தியபோது ஆயில் விளக்கு மினுக்கியது. அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரத்துக்கு எடுக்கவே இல்லை. எஞ்சினை 1915 சிசி ஆக்கி, இரட்டை வெபர் கார்புரேட்டரும் வெளி ஆயில் கூலரும் போட்டால் தீருமா, அல்லது ஒரேயடியாகச் சுபாரு எஞ்சினுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

1915 வேண்டாம். சுபாருவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 1776 சிசி போடலாம், அதுவும் இப்போது இருக்கிற எஞ்சினின் சூட்டைச் சரி செய்து ஒரு கோடை ஓட்டிப் பார்த்த பிறகு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த ஏற்றத்தையே பார்ப்போம். பேக்கர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட உயரமில்லாத பாலைவன ஊர். பக்கத்து டெத் வேலியில் 1913-இல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக, 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானியை நட்டு வைத்து, வெயிலை வைத்தே பெருமை பேசுகிற ஊர். அங்கிருந்து மவுன்டன் பாஸ் 1,400 மீட்டருக்கு மேல். நடுவில் ஒரு இறக்கம் வந்தாலும் மொத்தத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக உயரம் ஏறுகிறீர்கள். இன்றைய கார்களுக்கே எஞ்சின் சூடேறாமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லிப் பலகை வைக்கிற வகை ஏற்றம் இது.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து உங்கள் வண்டி இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுகிற சரிவில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போக, எடையை மேலே தூக்கவே 35 குதிரைத்திறன் போய்விடும். காற்றைத் தள்ள, டயர் உருள என்று இன்னும் 19 சேர்த்தால் 54. இந்த வண்டியின் முகம் சுவர் மாதிரி இருப்பதால் காற்றுக் கணக்கு லேசானதில்லை. உங்கள் எஞ்சினுக்கு ஃபோக்ஸ்வேகன் சொன்னதே 50தான். அதுவும் புதிதாக இருந்தபோது, கடல் மட்டத்தில். 100 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் பலம் குறையும், கியர்பாக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே 55-60 வேகத்தில் ஏறியது பழுது இல்லை, அது இந்த வண்டியின் சுபாவம். ஆயில் விளக்கு மினுக்கியதும், திரும்ப ஸ்டார்ட் ஆகாததும்தான் பழுது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது சூட்டுக் கணக்கு. பெட்ரோல் எஞ்சினில் எரிகிற எரிபொருளில் கால் பங்குக்குச் சற்று கூடுதலாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியில் ஒரு பாதி சைலன்சர் வழியே போய்விடும். மறு பாதி இரும்பிலும் அலுமினியத்திலும் ஏறி ஃபின் (சிலிண்டர் மேலும் ஹெட் மேலும் இருக்கும் மெல்லிய உலோக இதழ்கள்) வழியாகவும் ஆயில் வழியாகவும் வெளியேற வேண்டும். தோராயமாக, ஒரு குதிரை பலம் எடுத்தால் இன்னொரு குதிரை அளவு சூட்டை ஃபின்னும் ஆயிலும் சுமக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எஞ்சின் பெரிதாக இருப்பதாலேயே சூடு கூடுவதில்லை. அதே ஏற்றத்தை அதே 60-இல் ஏறினால் 1600-உம் 1776-உம் கிட்டத்தட்ட ஒரே அளவு பெட்ரோலைத்தான் எரிக்கும். 85-இல் ஏறும்போதுதான் சூடு கூடும். ஆனால் 85-இல் ஏறத்தானே பெரிய எஞ்சின் போட்டோம்? அசல் 1600 தன் பலவீனத்தாலேயே தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற எஞ்சின். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் 50 குதிரைக்கு உரிய சூட்டுக்கு மேல் அதற்குத் தரத் தெரியாது. நன்றாகக் கட்டிய 1915 எஞ்சின் 80, 90 குதிரையின் சூட்டைத் தரும். வெளியேற்ற இருப்பதோ அதே அளவு ஹெட், அதே ஃபின், அதே ஃபேன். ஒரு குட்டி பீட்டில் காரில் 90 குதிரையை மொத்தமாகக் கேட்பது சில நொடிகள்தான். இரண்டு டன் வேனில் ஏற்றம் முடியும்வரை இருபது நிமிடம் விடாமல் கேட்பீர்கள். பீட்டில்காரர்கள் சொல்லும் எஞ்சின் யோசனைகளை வேனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்த எஞ்சின் எப்படிக் குளிர்கிறது என்பதற்குப் பழைய பஜாஜ் ஸ்கூட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். புல்லட் மாதிரி ஓடுகிற காற்றில் குளிர்கிற எஞ்சின் இல்லை. மூடிய கூட்டுக்குள் ஒரு ஃபேன் காற்றைத் தள்ளி, அது ஃபின்களின் ஊடே போய் வெளியே வருகிறது. ஸ்கூட்டரின் அந்தத் தகர மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று நம் ஊர் மெக்கானிக் எவரைக் கேட்டாலும் சொல்வார். உங்கள் வேனிலும் அதே கதைதான், ஆனால் தகடுகள் ஒரு டஜனுக்கு மேல். ஜெனரேட்டர் தண்டின் மறுமுனையில் ஃபேன், பெல்ட் வழியாக, எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க்கின் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு சுற்று. அது எஞ்சின் அறையின் மேற்பகுதியிலிருந்து குளிர்ந்த காற்றை உறிஞ்சி, சிலிண்டர்கள் மேல் தள்ளி, சூடான காற்றைத் தரைப் பக்கம் துப்புகிறது.

ஆக எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகடுதான் மேல் உலகத்துக்கும் கீழ் உலகத்துக்கும் நடுவே உள்ள சுவர். மேலே குளிர்ந்த காற்று, கீழே சைலன்சரும் சுட்ட காற்றும். அந்தத் தகட்டுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் பீடிங் சுற்றிலும் ஓடும். ஐம்பது வருடத்தில் அது காய்ந்து உதிர்ந்திருக்கும், அல்லது எஞ்சினை இறக்கிய யாரோ திரும்ப மாட்டியிருக்க மாட்டார். அது இல்லையென்றால் கீழே துப்பிய சுட்ட காற்றையே ஃபேன் மறுபடி மேலே இழுக்கும். வெளியே 43 டிகிரி வெயிலில், ஃபேன் உறிஞ்சுவது 65 டிகிரி காற்றாக இருக்கலாம். காற்றில் குளிரும் எஞ்சினில் இது நேர்க் கணக்கு: உள்ளே போகும் காற்று 20 டிகிரி கூடினால் ஹெட்டும் ஏறக்குறைய 20 டிகிரி கூடும். எந்தக் கேம்ஷாஃப்ட்டும் கார்புரேட்டரும் செய்ய முடியாததை அந்த ரப்பர் பீடிங் செய்யும்.

இரவில் எஞ்சின் அறைக்குள் பிரகாசமான விளக்கை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் சுட்ட காற்று மேலே ஏறும். நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல், முன்பக்கத் தகட்டில் பெட்ரோல் குழாய் நுழையும் ஓட்டையின் ரப்பர் காணாமல் போயிருக்கும். கேபினுக்குச் சூடு அனுப்பும் ஹீட்டர் குழாய்களைக் கழற்றிவிட்டவர்கள், ஃபேன் கூட்டின் இரு பக்கமும் இருக்கும் அந்த வட்ட வாய்களை அடைக்காமல் விட்டிருப்பார்கள். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த வழியாக வீணாகப் போகும்.

1971 மாடலில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அதற்கு முன்பு வரை ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்கு நேர் மேலே நின்றது. கூலரைத் தாண்டி வந்த சூடான, பலமிழந்த காற்றுதான் மூன்றாவது சிலிண்டருக்குக் கிடைத்தது. இந்த எஞ்சின்களில் மூன்றாம் நம்பர்தான் எப்போதும் முதலில் சாகும் என்ற பேச்சு அதிலிருந்து வந்தது. டூயல் போர்ட்டோடு கூலரைக் கூட்டுக்கு வெளியே தனிக் கூண்டில் தள்ளி வைத்து, ஃபேனையும் அகலமாக்கினார்கள். முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் அதே மாடலில்தான் வந்தது. ஆனால் அந்தக் கூண்டிலிருந்து வெளிவரும் சூட்டைத் தகட்டுக்குக் கீழே கொண்டுபோக ஒரு சின்ன வளைந்த தகடு உண்டு. அது தொலைந்திருந்தால் ஆயிலின் சூடு முழுக்க எஞ்சின் அறைக்குள்ளேயே கொட்டும். எஞ்சினை எடுத்துக் கட்டிய கடைகள் அடிக்கடி விட்டுவிடும் சாமான் இது. சிலிண்டர்களுக்கு அடியில், புஷ்ராட் குழாய்களுக்கு மேலே மாட்டும் வளைவுத் தகடுகளும் அப்படியே. அவை காற்றைச் சிலிண்டரின் அடிப்பாகத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும். இல்லாவிட்டால் காற்று மேலே தொட்டுவிட்டு நேராகக் கீழே ஓடிவிடும்.

அப்புறம் தெர்மோஸ்டாட்டும் அது இயக்கும் ஃபிளாப்களும். 65 முதல் 70 டிகிரியில் திறக்கிற சின்னத் துருத்தி, ஒரு கம்பி வழியாக ஃபேன் கூட்டுக்குள் இருக்கும் மடல்களைத் திறக்கும். "சூடான ஊரில் இது எதற்கு" என்று கழற்றிப் போட்டவர்கள் கணக்கிலடங்கார். அந்த மடல்கள் முழுக்கத் திறந்திருக்கும்போது காற்றைத் திசை திருப்பும் வேலையையும் செய்கின்றன. எடுத்துவிட்டால் எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு காற்று என்ற அசல் பங்கீடு கெடும். அதோடு, காலையில் எஞ்சின் சூடேற நேரம் பிடித்து, பிஸ்டனும் சிலிண்டரும் தேவையில்லாமல் தேயும்.

இதை நான் பாடப் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. என்னுடைய முதல் வண்டி 1969. வாங்கும்போதே பழைய உரிமையாளர் 92 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 1835 சிசி ஆக்கி வைத்திருந்தார். மேலே பளபளவென்று குரோம் ஃபேன் கூடு, உள்ளே மடல் எதுவும் கிடையாது. நான் என் பங்குக்கு 009 என்ற டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் கருவி) மாட்டி, டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, காதால் கேட்டு வைத்தேன். எஞ்சின் துள்ளியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது கோடையில் ஒரு ஏற்றத்தில் டமால் என்று ஒரு சத்தம். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ் தலை கழன்று பிஸ்டனைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. பிரித்துப் பார்த்ததும் காரணம் தேடவே வேண்டியிருக்கவில்லை. டைமிங் முழு வேகத்தில் 38 டிகிரிக்குப் போயிருந்தது. 92 சிலிண்டரின் சுவர் மெல்லியது, சூட்டில் முட்டை வடிவமாகியிருந்தது. கூட்டுக்குள் எலிக்கூடு வேறு, பாதிக் காற்றை அடைத்துக்கொண்டு. அந்த எலிக்கூட்டை மட்டும் என் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதனால் நீங்கள் முதலில் வாங்க வேண்டியவை இரண்டு மீட்டர்கள். ஒன்று ஆயில் சூட்டுக்கு. இன்னொன்று ஹெட் சூட்டுக்கு, ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வாஷர் மாதிரி மாட்டும் சென்சாரோடு, மூன்றாம் சிலிண்டரில். ஆயில் மீட்டர் மெதுவானது. ஏற்றம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் செய்தி சொல்லும். ஹெட் மீட்டர் காலை அழுத்திய சில நொடிகளில் சொல்லும். நான் வைத்திருக்கும் வரம்பு: சமதளத்தில் 150 முதல் 180 டிகிரி செல்சியஸ், ஏற்றத்தில் 200 வரை பொறுக்கலாம், 220-ஐத் தொட்டால் கால் தானாக மேலே வர வேண்டும். அந்த வெப்பத்துக்கு மேல் ஹெட்டின் அலுமினியம் பலமிழக்கத் தொடங்கும், வால்வ் சீட் தளரும். ஆயில் 100, 110 வரை கவலையில்லை. 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் எதையோ சரி செய்யவில்லை என்று அர்த்தம்.

மினுக்கிய ஆயில் விளக்கைப் பற்றி. அந்த ஸ்விட்ச் 0.15 முதல் 0.45 பார் அழுத்தத்துக்குள் விளக்கை எரிய வைக்கும். ஐடிலில், ஆயில் கொதித்துத் தண்ணியாக இருக்கும்போது மினுக்குவது சூட்டால் இருக்கலாம், தேய்ந்த பேரிங்காலும் இருக்கலாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது பின்னால் கிராங்க் புல்லியை இரண்டு கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். புது எஞ்சினில் அந்த ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர்தான். கைக்கே 'டக் டக்' என்று தெரிந்தால் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். 0.15-ஐத் தாண்டியிருந்தால் எஞ்சின் பிரிக்கும் காலம் வந்துவிட்டது. அப்போது 1776 பேச்சைத் தாராளமாகத் தொடங்கலாம். ஆயிலைத் தடிமனாக்கி விளக்கை அணைப்பது காய்ச்சலுக்கு வெப்பமானியை ஒளித்து வைக்கிற வேலை. தடித்த ஆயில் பம்ப்பிலேயே அதிகம் சூடாகும், குளிர்ந்த நேரத்தில் கூலருக்குப் போகாமல் பைபாஸ் ஆகிவிடும்.

அடுத்து டைமிங், பெட்ரோல்-காற்றுக் கலவை. காசு அதிகம் ஆகாத, ஆனால் எஞ்சினை அதிகம் கொல்கிற இரண்டு விஷயங்கள். டைமிங் லைட் வைத்து, வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்து, 3,500 சுற்றில் முழு அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்பே பொறி விழுகிறது என்பது) 28 முதல் 30 டிகிரிக்குள் நிற்கிறதா பாருங்கள். 32-ஐத் தாண்டவே கூடாது. ஐடிலில் என்ன வருகிறதோ வரட்டும். கலவை மெலிந்தால் ஹெட் சூடேறும். உங்கள் எஞ்சினில் வந்த சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டரைப் புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கம்பெனியே மெலிதாகத்தான் வைத்தது. இன்று அதில் ஓடுவது எத்தனால் கலந்த பெட்ரோல், அது இன்னும் கொஞ்சம் மெலிய வைக்கும். சைலன்சரில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் ஒன்றை மாட்டி, முழு ஆக்சிலரேட்டரில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 பங்கு காற்று என்ற பக்கம் வருகிற மாதிரி, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு படி, இரண்டு படி ஏற்றுங்கள். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ளது) 0.15 மில்லிமீட்டர், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டே வந்தால், அந்த வால்வ் நீள்கிறது. கழன்று விழுவதற்கு முன் அது தரும் ஒரே கடுதாசி அதுதான்.

வெளி ஆயில் கூலர் பற்றிக் கேட்டீர்கள். கெடுதல் இல்லை, ஆனால் அது ஆயிலை மட்டும்தான் குளிர்விக்கும், ஹெட்டைத் தொடாது. ஆயில் மீட்டர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க, ஹெட் வெந்துகொண்டிருக்கும். முதலில் ஃபுல்-ஃப்ளோ ஆயில் ஃபில்டர் போடுங்கள். இந்த எஞ்சினில் கம்பெனி ஃபில்டரே வைக்கவில்லை, ஒரு சல்லடைதான். மொத்த ஆயிலே இரண்டரை லிட்டர். ஃபில்டரும் குழாயும் சேரும்போது அந்த அளவு கூடுவதே ஒரு லாபம். அதன் பிறகும் 120-ஐத் தாண்டினால் தெர்மோஸ்டாட்டும் தனி ஃபேனும் உள்ள கூலரை வண்டிக்கு அடியில், கியர்பாக்ஸ் பக்கம் வையுங்கள். அசல் கூலரைக் கழற்ற வேண்டாம். புதுக் கூலரை எஞ்சின் ஃபேனின் வாயருகே மட்டும் கட்டிவிடாதீர்கள், அப்படியும் பார்த்திருக்கிறேன். 'பவர் புல்லி' என்று விற்கும் சின்னக் கிராங்க் புல்லியும் வேண்டாம். அது தரும் பலம், ஃபேனை மெதுவாகச் சுற்றி மிச்சம் பிடித்த பலம்.

இவ்வளவும் செய்து ஒரு கோடை ஓட்டுங்கள். பத்தில் ஆறு பேர் இங்கேயே நின்றுவிடுவார்கள் என்பது என் அனுபவம். மீதிப் பேர்களில் நீங்கள் இருந்தால், எஞ்சின் பிரிக்கும் நாளில் 1776. அசல் 85.5 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 69 ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). அதை 90.5 ஆக்கினால் 1776 சிசி. கிராங்க் கேஸையும் ஹெட்டையும் கொஞ்சம் கடைய வேண்டும், ஆனால் சிலிண்டர் சுவர் தடிமனாகவே இருக்கும். கடையாமலே நுழையும் 87, 88 பிஸ்டன்கள் இருக்கின்றன. போர் கூடிய அளவுக்குச் சுவர் மெலிந்துதான் அவை நுழைகின்றன, 88 மிக மோசம். 92 என்பது 90.5-க்குக் கடைந்த அதே ஓட்டைக்குள் நுழைகிற மெல்லிய சுவர், அதன் கதையை மேலே சொல்லிவிட்டேன். 94-இன் சுவர் நல்லதுதான், 1915 சிசி வரும். ஆனால் அதற்காகக் கேஸிலும் ஹெட்டிலும் வெட்டுகிற உலோகம் மிக அதிகம். இந்தக் கேஸ் மக்னீசியக் கலவை, சூட்டில் ஸ்டட் போல்ட் பிடி விட்டு மேலே வரும் வியாதி அதற்கு ஏற்கெனவே உண்டு. ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் திருகுமரை உள்ள இரும்பு உறை போடாமல் எந்த அளவு பிஸ்டனும் போடாதீர்கள்.

கம்ப்ரஷன் 7.5-இலிருந்து 8-க்குள். ஹெட்டில் வால்வ் அளவு அசல் 35.5, 32 மில்லிமீட்டரே (இன்டேக், எக்ஸாஸ்ட்) போதும். 40 மில்லிமீட்டர் வால்வ் போட்டால் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் அலுமினியம் ஒரு கீற்றாகிவிடும், அங்கேதான் விரிசல் விழும். புது ஹெட் வாங்கினால் மாட்டும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வார்ப்பின்போது வழிந்த உலோகம் ஃபின்களுக்கு நடுவே, அதுவும் எக்ஸாஸ்ட் பக்கம், அடைத்துக்கொண்டு நிற்கும். நீளமான டிரில் பிட்டும் ஒரு சின்ன அரமும் வைத்து அரை நாள் உட்கார்ந்து எடுத்தால், காற்று போகும். இந்த அரை நாள் வேலையை எந்தக் கடையும் உங்களுக்காகச் செய்யாது.

கேம்ஷாஃப்ட் அசலுக்குச் சற்று மேலே, எங்கிள் டபிள்யூ-100 மாதிரி. வேனுக்கு வேண்டியது 3,000 சுற்றில் இழுவை. 6,000-இல் துள்ளல் நமக்கு எதற்கு? கார்புரேட்டர் இரட்டையாகப் போடலாம். ஹெட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டு பக்கமும் கலவை சமமாகப் போகும். ஆனால் சின்னதாகப் போடுங்கள். எக்ஸாஸ்ட்டில் அசல் ஹீட்டர் பாக்ஸையே வைத்துக்கொள்ளுங்கள், 1776-க்கு அது போதும், ஹீட்டரும் மிஞ்சும். இப்படிக் கட்டினால் 65, 70 குதிரை வரும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள், அந்தச் சரிவில் 54 வேண்டியிருந்தது.

சுபாரு. 1990-களின் அவர்களுடைய இஜே22 அருமையான எஞ்சின், 130 குதிரைக்கு மேல் தரும், மறுப்பே இல்லை. 1980-களின் தண்ணீர் எஞ்சின் வேனாக இருந்தால் நானே போடச் சொல்வேன், அதில் முன்பக்க ரேடியேட்டரும் குழாய்களும் கம்பெனியே வைத்தது. உங்கள் 1971-இல் ரேடியேட்டருக்கு இடமே கிடையாது. முன்னால் வைத்தால் முகத்தை வெட்ட வேண்டும், அடியில் வைத்தால் காற்று சரியாகப் போகாது. பிரேசிலில் 2005 கடைசியில் கோம்பிக்கு (இதே வேனுக்கு அங்கே உள்ள பெயர்) தண்ணீர் எஞ்சின் போட்டபோது, அதன் மூக்கில் ரேடியேட்டருக்காக ஒரு கறுப்பு கிரில்லை ஒட்டித்தான் வேலையை முடித்தார்கள். கியர்பாக்ஸோ 50 குதிரைக்குச் செய்தது, அது தன் சூட்டைச் சொல்ல ஒரு மீட்டர்கூட இல்லை. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை என்பதால் சட்டச் சிக்கல் குறைவு, அவ்வளவுதான்.

ஓட்டும் விதம். 70 கிலோமீட்டரில் நான்காவது கியரில் எஞ்சின் சுமார் 2,500 சுற்று ஓடும், மூன்றாவதில் 3,900. ஃபேனும் அதே விகிதத்தில் சுற்றும். நான்காவதில் காலை அழுத்தி முனக விட்டால் சூடு முழுதாக வரும், காற்று மூன்றில் இரண்டு பங்குதான் வரும். ஏற்றம் கண்ணில் பட்டதுமே, வேகம் விழுவதற்கு முன் மூன்றாவதுக்கு வந்துவிடுங்கள். எஞ்சின் கத்துகிறதே என்று பாவம் பார்க்காதீர்கள், கத்தும்போதுதான் அது சுகமாக இருக்கிறது. உச்சியில் நிறுத்தாதீர்கள். காலை எடுத்துவிட்டு, கியரிலேயே இறக்கத்தில் விட்டால் அதிகம் பெட்ரோல் எரியாமல் ஃபேன் மட்டும் வேகமாகச் சுற்றும், ஐந்தே நிமிடத்தில் ஹெட் மீட்டர் 100-க்கு விழுவதைப் பார்க்கலாம். அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் டீ குடியுங்கள்.

நீங்கள் உச்சியில் அணைத்ததால்தான் அரை மணி நேரம் எடுக்கவில்லை. ஃபேன் நின்றதும் எஞ்சினில் தேங்கிய சூடு பெட்ரோல் பம்ப்புக்கு ஏறி, குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. அம்பாஸடர் டிரைவர்கள் பம்ப்பில் ஈரத்துணி சுற்றி ஓட்டியது இதே வியாதிக்குத்தான். அடுத்த முறை அந்த வைத்தியமே போதும்.

ஆனால் அங்கே துணி சுற்றக் குனியும்போது பெட்ரோல் ஹோஸைக் கிள்ளிப் பாருங்கள். துணி உறை போட்ட பழைய ஹோஸாக இருந்தால் உள்ளே ரப்பர் வெடித்திருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் வெறும் அழுத்தத்தில் நிற்பது, ஆட்டி இழுத்தால் கையோடு வருகிறதா பாருங்கள். எஞ்சின் அறைக்குள், டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டர் இருந்தால் அதை டேங்க் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். இந்த வண்டிகளில் சூட்டால் செத்த எஞ்சின்களுக்குச் சமமாகத் தீயில் எரிந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மக்னீசியக் கேஸ் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மூளும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் இரண்டு மீட்டர், நல்ல கிளிப் எட்டு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தீயணைப்பான். பீடிங், மீட்டர், 1776 எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஹோஸை மாற்றாமல் இந்த வாரம் வண்டியை எடுக்காதீர்கள்.